பிளெனிம் பெரும்பாலம்: வண்டிப்பாதைக் கல்பாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், வுட்ஸ்டாக் ஊரை ஒட்டி பிளெனிம் அரண்மனை இருக்கிறது. அதன் வண்டிப்பாதையில் நிற்கும் கல்பாலத்தை நேரிலோ படத்திலோ பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பின்பாதியில் வரும் பழுதுபார்ப்பு விவரங்கள் பழைய கல்வளைவுப் பாலங்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.  

அடியில் ஓடியது சின்ன ஓடைதானே? இவ்வளவு பெரிய பாலம் எதற்கு?

ஓடைக்காகக் கட்டிய பாலம் அல்ல இது, பாதைக்காகக் கட்டியது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

1704இல் பிளெனிம் போரில் வென்ற மார்ல்பரோ பிரபு ஜான் சர்ச்சிலுக்கு ஆன் அரசி வுட்ஸ்டாக்கின் அரச பூங்காவைக் கொடுத்தார். அரண்மனையைத் திட்டமிட்டவர் ஜான் வான்புரூ. படைவீரராகவும் நாடக ஆசிரியராகவும் இருந்துவிட்டுக் கட்டடக்கலைக்கு வந்தவர். கூடவே இருந்து வேலையை நடத்தியவர் நிக்கலஸ் ஹாக்ஸ்மூர். அரண்மனைக்கு வடக்கே சதுப்பான ஒரு பள்ளத்தாக்கு. அதில் கிளைம் என்ற சிற்றாறு வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், டிச்லி வாயிலிலிருந்து ஏறத்தாழ 2 மைல் நேராக வரும் சாலைதான் வான்புரூ நினைத்த முதன்மை வழி. அதில் வரும் குதிரை வண்டி பள்ளத்தில் இறங்கி, சேற்றைத் தாண்டி, மறுபடி மேடேறிப் போய் அரண்மனை வாசலில் நிற்பதை அவர் ஏற்கவில்லை. சாலை எந்த மட்டத்தில் வருகிறதோ அதே மட்டத்தில் பள்ளத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் உயரம் இப்படி வந்ததுதான். கீழே எவ்வளவு தண்ணீர் ஓடியது என்ற கணக்கு அதில் இல்லை.

வேறு யோசனையே இருக்கவில்லையா?

இருந்தது. லண்டனின் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் தாழ்வான, செலவு குறைந்த ஒரு பாலத்தை முன்வைத்தார். பிரபுவின் மனைவி சாராவுக்கு அதுதான் பிடித்திருந்தது. கடைசியில் வான்புரூவின் திட்டம் வென்றது. செலவைப் பார்த்தால் சாரா சொன்னது சரி. சாலையில் நின்று பார்த்தால் வான்புரூ செய்தது சரி.

அளவு என்ன?

நடு வளைவின் அகலம், அதாவது இரு தாங்கிகளுக்கு இடையிலான தூரம், 101 அடி, ஏறத்தாழ 31 மீட்டர். அந்தக் காலத்து இங்கிலாந்துக்கு இது துணிச்சலான அளவு. 1750இல் லண்டனில் திறந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் பெரிய வளைவே 76 அடிதான். 1769இல் முடிந்த பிளாக்பிரையர்ஸ் பாலத்தின் நடு வளைவு 100 அடி. ஒரு தனியார் பூங்காவின் வண்டிப்பாதை, தேம்ஸ் நதிப் பாலங்களை அறுபது ஆண்டுக்கு முன்பே முந்தியிருக்கிறது.

பாலத்தின் பாகங்களை எப்படி அடையாளம் காண்பது?

கீழிருந்து மேலே போகலாம். இரு கரையிலும் வளைவின் உதைப்பை வாங்கிக்கொள்ளும் கனத்த கட்டுமானம் கரைத்தாங்கி. அதன்மேல் வளைவு தொடங்கும் மட்டத்தைப் பிறப்பு மட்டம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆப்பு வடிவக் கற்கள் இரு பக்கமும் ஏறி, உச்சியில் பூட்டுக்கல்லில் சந்திக்கின்றன. இந்தக் கல்வளையம்தான் பாலம். மீதி எல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருப்பவை.

வளையத்துக்கு மேலே, பாதை மட்டம் வரை இரு முகப்பிலும் எழுவது பக்கச்சுவர். இரண்டு பக்கச்சுவர்களுக்கு நடுவே சாதாரணப் பாலத்தில் மண்ணும் கல்சில்லுமாக நிரப்பியிருப்பார்கள். அதன்மேல் பாதை, ஓரத்தில் கைப்பிடிச் சுவர். பிளெனிமில் இதோடு நான்கு மூலைகளிலும் கோபுர அடிப்பகுதி போன்ற கனத்த கட்டடங்கள் நிற்கின்றன. சொரசொரப்பாக, இடுக்குகள் ஆழமாகத் தெரியும்படி கல் அடுக்கியிருப்பது வான்புரூவுக்குப் பிடித்த முறை. வெயில் சாயும்போது அந்த இடுக்குகளில் விழும் நிழல்தான் பாலத்துக்குக் கோட்டை போன்ற தோற்றத்தைத் தருகிறது.

பாலத்துக்குள் அறைகள் இருப்பது உண்மையா?

உண்மை. முப்பதுக்கு மேல். சாரா எண்ணிச் சொன்ன கணக்கு 33. மேலே வண்டி ஓட, கீழே 6 அறைகளின் சன்னலில் உட்கார்ந்து பெரிய வளைவைப் பார்க்கலாம் என்று அவர் எழுதியது கிண்டல்தான். சில அறைகளில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு. சன்னலே இல்லாத ஒரு பெரிய அறையில் சுவருக்குப் பூச்சுப் பூசி, நாடக மேடையின் முகப்பு மாதிரி ஒரு வளைவும் வைத்திருக்கிறார்கள். எதற்காக என்று ஊகிக்கத்தான் முடியும்.

ஒரு பயன் மட்டும் திட்டவட்டமானது. ராபர்ட் ஆல்டர்ஸீ அமைத்த நீரேற்று எந்திரம் பாலத்தின் ஒரு பக்க வளைவில் இருந்தது. ஆற்றுத் தண்ணீரை அரண்மனையின் கிழக்கு வாயில் மேலிருந்த தொட்டிக்கு ஏற்றியது அதுதான். அலங்கார வாயில் என்று நாம் படம் எடுக்கும் கட்டடம் உண்மையில் ஒரு தண்ணீர்த் தொட்டி.

உள்ளே வெற்றிடம் விட்டால் பாலம் பலவீனமாகாதா?

ஆகாது. பெரிய வளைவுக்கு அது நல்லதும்கூட. வளைவின் உச்சி மெல்லியது, அதன்மேல் சுமை குறைவு. உச்சிக்கும் பிறப்பு மட்டத்துக்கும் இடைப்பட்ட தோள் பகுதியில் நிரப்பு ஆழமாகும், சுமை ஏறும். தோள் அளவுக்கு மீறிக் கனத்தால் அது கீழே அமுங்கும், உச்சி மேலே பிதுங்கும்.

இதற்கு நல்ல சாட்சி வேல்ஸில் இருக்கிறது. பொன்டிபிரித் ஊரில் வில்லியம் எட்வர்ட்ஸ் கட்டிய முதல் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. பிறகு 140 அடி அகலத்தில் ஒற்றை வளைவாகக் கட்டியபோது, தோளின் கனம் தாங்காமல் உச்சிக் கற்கள் மேலெழும்பி வளைவு சரிந்தது. 1756இல் முடித்த பாலத்தில் ஒவ்வொரு தோளிலும் மூன்று உருளைத் துளைகள் விட்டுக் கனத்தைக் குறைத்தார். அது இன்றும் நிற்கிறது. வான்புரூ எடையைக் குறைக்கத்தான் அறைகள் வைத்தார் என்று சொல்லவில்லை. அவர் மனத்தில் இருந்தது மக்கள் புழங்கும் பாலம். கனம் குறைந்தது கூடுதல் லாபம்.

மேல்பகுதி ஏன் மொட்டையாக இருக்கிறது?

முடிக்கவில்லை, அதனால். பாதையின் மேல் தூண்வரிசை மண்டபம் ஒன்று எழுப்புவது வான்புரூவின் திட்டம். பிரபு அரச ஆதரவை இழந்ததும் 1712இல் வேலை நின்றது. பிறகு தொடங்கியபோது வான்புரூவுக்கும் சாராவுக்கும் ஒத்துவரவில்லை, 1716இல் அவர் விலகினார். 1725இல் மனைவியோடு பார்க்க வந்தவரைச் சாரா பூங்காவுக்குள்ளேயே விடவில்லை. மண்டபம் கட்டப்படாததில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்பது எங்கள் கருத்து. அது எழுந்திருந்தால் பாலத்தைக் கடக்கும்போது அரண்மனை மறைந்திருக்கும்.

சிமெண்டும் கிரேனும் இல்லாமல் இதை எப்படிக் கட்டினார்கள்?

கல்வேலையை ஒப்பந்தம் எடுத்தவர் ஆக்ஸ்போர்டின் கொத்தனார் பார்தலமியூ பீஸ்லி. முறை, கல்வளைவு கட்டும் எல்லாருக்கும் பொதுவானது:

1. கரைத்தாங்கிகளை முதலில் பிறப்பு மட்டம் வரை எழுப்ப வேண்டும். இவை அசைந்தால் பிறகு எதுவும் நிற்காது.
2. வளைவின் உள்வடிவத்துக்கு மரத்தில் சென்ட்ரிங் கட்ட வேண்டும். அதன் கால்களுக்கு அடியில் எதிரெதிராகச் செருகிய ஆப்புச் சோடிகள் இருக்கும்.
3. ஆப்புக் கற்களை இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சென்ட்ரிங் மறுபக்கம் சாயும். பாதி உயரம் வந்ததும் சென்ட்ரிங்கின் உச்சி மேலே தூக்கும். அதை அமுக்க, நடுவில் கற்களை வெறும் பாரமாக அடுக்கி வைப்பதுண்டு.
4. பூட்டுக்கல்லை இறுக்கமாக இறக்க வேண்டும்.
5. தோளுக்குப் பின்னால் முட்டுக்கல் கட்டியபின், ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தளர்த்த வேண்டும். காரையின் இடுக்குகள் இறுகி, வளைவு சற்று இறங்கும். நல்ல வேலையில் அந்த இறக்கம் சில அங்குலத்துக்குள் நிற்கும்.

ஐந்தாவது படியில்தான் விபத்துகள் நடந்தன. சீக்கிரம் கழற்றினால் சுண்ணாம்பு இறுகியிருக்காது. மிகவும் தாமதித்தாலும் சிக்கல்தான். காரை இறுகிப்போனால், வளைவு இறங்கும்போது அது நெகிழ்ந்து கொடுக்காமல் விரிசல் விடும்.

அப்படியானால் தண்ணீர் எப்போது வந்தது?

இரண்டு தவணையில். 1722இல் பிரபு இறந்தார். அந்தக் காலகட்டத்தில் சாரா பொறியாளர் கர்னல் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கொண்டு கிளைமை ஒரு கால்வாயாக்கி நடு வளைவின் கீழே ஓடவிட்டார். பாலத்தின் பிரம்மாண்டத்துக்கு அது போதவில்லை. 1760இல் பார்த்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், சீமாட்டியின் வாசலில் நிற்கும் பிச்சைக்காரர்களைப் போல இந்தப் பாலமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் நிற்கிறது என்று எழுதினார்.

பிறகு நான்காம் பிரபு, ‘கேப்பபிலிட்டி’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட லான்சலாட் பிரவுனை அழைத்தார். 1764 முதல் அடுத்த பத்தாண்டில் பிரவுன் பிளேடன் பக்கம் அணை போட்டுப் பள்ளத்தாக்கை ஏரியாக்கினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் கால்வாய் மூழ்கியது. பாலத்தின் கீழ்ப்பகுதியும் அறைகள் சிலவும் சேர்ந்து மூழ்கின. இன்று பாலத்தின் ஒரு புறம் குவீன் பூல் என்ற நீர்நிலை, மறு புறம் பெரிய ஏரி. பாலம் முன்பிருந்ததைவிடக் குட்டையாகத் தெரிவதற்கும், முன்பைவிடப் பொருத்தமாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றே.

மூழ்கிய அறைகளுக்குள் யாராவது போயிருக்கிறார்களா?

ஏரியின் வண்டலை அள்ளும் திட்டத்துக்காக 2018இல் செய்த ஆய்வுகளின்போது பார்த்தார்கள். படிக்கட்டுகளும் சுவர்ப்பூச்சும் மிஞ்சியிருந்தன. 1760களைச் சேர்ந்த சுவர்க்கிறுக்கல்களும் இருந்தன, அதாவது தண்ணீர் ஏறுவதற்குச் சற்று முன்பு எழுதியவை. பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.

எப்போதும் தண்ணீரில் நிற்பதால் கல் கெடாதா?

முழுதும் மூழ்கிய கல் அவ்வளவாகக் கெடுவதில்லை. கெடுவது நீர்மட்டக் கோட்டை ஒட்டிய ஓரிரு அடி உயரப் பட்டை. அங்கே கல் நனைவதும் காய்வதுமாக இருக்கும். குளிர்காலத்தில் கல்லின் நுண்துளைக்குள் உறைந்த நீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். காட்ஸ்வோல்ட் பகுதியின் சுண்ணாம்புக்கல் செதுக்க இதமானது, இந்த உரிதலுக்கு எளிதில் ஆட்படுவதும் அதுவே. ஏரியின் மட்டத்தை அடிக்கடி ஏற்றி இறக்குவதால் வரும் சேதம் ஏரி நிறைந்திருப்பதால் வருவதைவிட அதிகம்.

பழைய கல்பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிட வழி உண்டா?

முதல்கட்டக் கணக்கு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் பழைய பாலங்கள் மேல் டாங்கி ஓட்டலாமா என்று பார்க்க உருவாக்கியது, மெக்ஸி முறை என்று பெயர். உச்சியில் கல்வளையத்தின் தடிமனையும் அதற்கு மேலுள்ள நிரப்பின் ஆழத்தையும் மீட்டரில் கூட்டுங்கள். அதை வர்க்கப்படுத்தி 740ஆல் பெருக்குங்கள். வளைவின் அகலத்தை 1.3 என்ற அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுங்கள். விடை, வண்டியின் ஓர் அச்சு ஏற்றக்கூடிய சுமையாக, டன்னில் வரும்.

எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் வளைவு, வளையம் 0.45 மீட்டர், நிரப்பு 0.35 மீட்டர். கூட்டினால் 0.8, வர்க்கம் 0.64, அதை 740ஆல் பெருக்க 473.6. ஆறின் 1.3ஆம் அடுக்கு ஏறத்தாழ 10.27. விடை 46 டன். இதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. வளைவின் வடிவம், கல்லின் தரம், இடுக்குகளின் நிலை, பொதுநிலை ஆகியவற்றுக்கான குறைப்புக் காரணிகளால் பெருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 0.5 வந்தால் 23 டன்தான் மிஞ்சும்.

பிளெனிமுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 18 மீட்டருக்கு மேற்பட்ட வளைவுக்கும், உருக்குலைந்த வளைவுக்கும் இதைப் பயன்படுத்தக்கூடாது. அவற்றுக்குப் பொறியாளர் தனியாகக் கணிக்க வேண்டும்.

பாரம்தான் பாலத்தின் முதல் எதிரியா?

இல்லை. முதல் எதிரி மேலிருந்து இறங்கும் மழைநீர். பாதையின் மேற்பரப்பு விரிசல் விட்டதும் நீர் நிரப்புக்குள் இறங்கும். நிரப்பு ஊறிக் கனத்து, பக்கச்சுவர்களை வெளியே தள்ளும். அதே நீர் வளையத்தின் இடுக்குகள் வழியாகக் கசிந்து சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் வெள்ளை விழுதுகளாகத் தொங்கவிடும். அந்த விழுதுகள் அழகாக இருக்கும். கரைந்துபோன உங்கள் காரைதான் அது.

ஆகவே பழுதுபார்ப்பின் வரிசையும் மேலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பாதையின் நீர் ஓரத்துக்கு வழிந்து வடிகாலில் சேர்கிறதா என்று பாருங்கள், பிறகு நீர்வடி துளைகளை அடைப்பெடுங்கள், அதன்பின்தான் கல்லுக்கு வாருங்கள். மேலே ஒழுகவிட்டுக் கீழே காரை பூசுவது ஒழுகும் கூரைக்கு அடியில் வெள்ளையடிப்பது மாதிரி.

விரிசலைப் பார்த்து என்ன நோய் என்று சொல்லமுடியுமா?

பெரும்பாலும் முடியும். வளைவின் அடிப்பரப்பில், முகப்பிலிருந்து இரண்டடி தள்ளி, பாதை போகும் திசையிலேயே நீளமாக ஓடும் விரிசல் பக்கச்சுவர் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே போவதைக் காட்டும். கம்பி இழுப்பு போட்டு இரு முகப்பையும் பிணைக்கலாம், ஆனால் நீரை நிறுத்திய பிறகு. அதே திசையில் நடுவில் ஓடினால் கரைத்தாங்கியின் ஒரு பாதி மட்டும் இறங்கியிருக்கலாம். மூலையிலிருந்து உச்சியை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசலுக்கும் அடித்தளமே காரணம். பாதைக்குக் குறுக்கே, உச்சியிலோ வளைவு அகலத்தின் கால்பங்கு தூரத்திலோ தெரிவது வளைவின் வடிவம் மாறுவதைச் சொல்லும். அதைக் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எல்லா விரிசலும் இன்று விழுந்தது அல்ல. பழையதின் உள்ளே அழுக்கும் பாசியும் இருக்கும், புதியதின் விளிம்பு கூர்மையாக, வெளிறித் தெரியும். சந்தேகம் என்றால் அளவுப்பட்டை ஒட்டி, குறைந்தது ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கண்காணிக்க வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதும் பயன்தரும். கணீரென்றால் கல் உறுதி. பொத்தென்றால் உள்ளே பிரிந்திருக்கிறது.

இடுக்குகளுக்கு சிமெண்ட் பாயிண்டிங் செய்தால் என்ன?

பழைய கல்பாலங்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடு இதுதான். சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய நீர் கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உப்பும் உறைபனியும் கல்லின் முகத்தைத் தின்றுவிடும். சில ஆண்டுகளில் கல் குழிந்து, சிமெண்ட் கோடுகள் மட்டும் வரப்பு மாதிரி துருத்தி நிற்கும்.

சரியான வேலை இப்படி: இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர், கையால் சுரண்டுங்கள். அறுக்கும் எந்திரம் கல்லின் ஓரத்தைச் சிதைக்கும், எடுக்காதீர்கள். தூசியைக் கழுவி, கல்லை நனைத்து விடுங்கள். இயற்கை நீரியல் சுண்ணாம்பு (ஈரத்திலும் இறுகும் வகை), 3.5 தரம், ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல். எப்போதும் நனையும் இடத்தில் 5 தரம் தேவைப்படலாம். ஆழமான இடுக்கை ஒரே தடவையில் அடைக்காமல் அடுக்கடுக்காக நிரப்புங்கள். பாதி இறுகியதும் தூரிகையால் குத்திச் சொரசொரப்பாக்குங்கள். பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டுச் சில நாள் காப்பாற்றுங்கள். 5 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும் பருவத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

செடி கொடி முளைத்திருந்தால் பிடுங்கிவிடலாமா?

பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். அடியில் அறுத்துவிட்டு, வேர் காய்ந்து சுருங்கியபின் எடுங்கள், அந்தப் பொந்தைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். பாசியும் சிறு பெரணியும் இருந்துவிட்டுப் போகட்டும், மரக்கன்றை மட்டும் ஒரு பருவம்கூட விடாதீர்கள்.

வேலை தொடங்க அனுமதி வேண்டுமா?

இங்கிலாந்தில், பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடம் என்றால் வேண்டும். பிளெனிம் 1987 முதல் உலகப் பாரம்பரியக் களம், பாலம் முதல் தரப் பட்டியலில் உள்ளது. அதோடு வௌவால்களைப் பாருங்கள். நீர்மேல் பறந்து பூச்சி பிடிக்கும் டாபென்டன் வௌவால்கள் பாலத்து இடுக்குகளில் குடியிருப்பதுண்டு. சட்டம் அவற்றைக் காக்கிறது, அவை தங்கும் இடுக்கை அடைப்பது குற்றம்.

இதே வகையில் வேறு எதைப் பார்க்கலாம்?

டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த்தில் ஜேம்ஸ் பெய்ன் 1760களில் கட்டிய மூன்று வளைவுப் பாலம். பாலம் மாளிகைக்கு நேராக நில்லாமல் சாய்வாக நிற்கும், வண்டியில் வருபவர் கண்ணுக்கு மாளிகை கோணத்தில் விரியும். அதே மாவட்டத்தில் கெடில்ஸ்டனில் ராபர்ட் ஆடமின் பாலம் அருவிப் படிகளோடு சேர்ந்தது. வில்ட்டனின் தூண்மண்டபப் பாலம் 1736–37இல் கட்டியது, படியேறிப் போகும் நடைபாலம். அதைப் பார்த்து ஸ்டோவில் அடுத்த ஆண்டே ஒன்று கட்டினார்கள். அங்கே வண்டியும் போகவேண்டும் என்பதால் படிக்குப் பதில் சரிவுப்பாதை வைத்தார்கள். வண்டிப்பாதை ஒரு வடிவத்தை எப்படித் திருத்துகிறது என்று பார்க்க அந்த இரண்டும் போதும்.

பிளெனிம் பாலத்தை எங்கே நின்று பார்ப்பது?

வுட்ஸ்டாக் ஊர்ப் பக்கமிருந்து, ஹாக்ஸ்மூர் 1723இல் கட்டிய வெற்றி வளைவு வாயில் வழியாக வாருங்கள். உள்ளே நுழைந்ததும் ஏரி, பாலம், அரண்மனை மூன்றும் ஒரே வீச்சில் தெரியும். ஆனால் அது பக்கப் பார்வை. பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிய, வடக்கே 1730இல் முடிந்த வெற்றித் தூண் வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பி அரண்மனையை நோக்கி வாருங்கள். பாலத்தின் மேல் ஏறிவிட்டதே தெரியாது. பாதை எங்கும் இறங்காமல் நேராகப் போய்க்கொண்டிருக்கும்.